மூக்கில் கொஞ்சம் ஈயம்

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதம், கோட்டைப்பட்டினம், மதியத் தொழுகையும் முடிந்து சோறும் முடிந்த நேரம். கடலிலிருந்து வருகிற காற்றுகூட வழியிலேயே காய்ந்து, உப்பு மட்டும் வந்து சேர்கிற நேரம். அந்த நேரம் பார்த்து என் கணவர் ஹாலின் நடுவில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, "ஃபேன அமத்து புள்ள" என்பார்.

அமர்த்துவேன். விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி நிற்கும்வரை அவர் காத்திருப்பார். சன்னலையும் சாத்தச் சொல்வார். அப்புறம் இரண்டு கைகளின் சுட்டுவிரல் நுனியில் ஒரு வெள்ளை விமானத்தை மெல்லத் தூக்குவார்.

விமானம் என்றால் தெர்மாகோல் விமானம். ரிமோட்டில் ஓடுவது. இறக்கை முனைக்கு முனை என் துப்பட்டாவின் அகலம்தான் இருக்கும். இறக்கைக்கு அடியில், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் நீலப் பேனாவால் புள்ளி வைத்திருப்பார். அந்தப் புள்ளிகளில் விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் படுத்தாற்போல் நிற்க வேண்டும். மூக்கு மட்டும் ஒரு நெல்மணி அளவு தாழ்ந்திருக்க வேண்டும். தெருவில் பெரியவர்கள் எதிரே வந்தால் நம் தலை தானாகத் தாழுமே, அவ்வளவு. அதற்கு மேல் தாழ்ந்தால் தரையை முட்டும். மூக்கு தூக்கி வால் தாழ்ந்துவிட்டாலோ, வானத்தில் அது யார் பேச்சையும் கேட்காது.

"மூச்ச விடாத" என்பார்.

"நான் அடுப்படியிலதான நிக்கிறேன்."

"அங்கிட்டு இருந்தே வருது ஒன் மூச்சு."

வேர்வை அவர் புருவத்தில் திரண்டு, மூக்கின் மேல் இறங்கி, நுனியில் தொங்கும். துடைக்கக் கை இல்லை. நான் வந்து என் முந்தானையால் துடைப்பேன். அந்தத் துடைப்பில் விமானம் ஒரு பக்கம் சாயும். மறுபடி முதலில் இருந்து.

சொல்லப்போனால் அந்த இரண்டு மாத விடுமுறையில் நாங்கள் பேசியதைவிடச் சேர்ந்து மூச்சடக்கியதே அதிகம். அதுவும் ஒரு பேச்சுதான் என்று இப்போது படுகிறது.

அவர் பதினெட்டு வருடமாக வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டுக்காரருக்கு ரிமோட் விமானங்களில் பைத்தியம். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்கு வெளியே மணல்வெளிக்குப் போவார்கள். அவர் பறக்க விடுவார்; இவர் வண்டியருகே தண்ணீரோடு நிற்பார். விமானம் எங்காவது போய் விழும். இவர் ஓடுவார். மணல்மேட்டுக்குப் பின்னால் விழுந்ததை இருட்டுவதற்குள் கண்டுபிடித்து, உடைந்த துண்டு ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு வருவார். பிறகு அறையில் வைத்து ஒட்டுவார். கறி சுடுகிற மூங்கில் குச்சியைச் செருகி முறிந்த இறக்கையை நிமிர்த்துவார். இரண்டு விரலில் தூக்கிச் சமம் பார்ப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி கையில் கொடுப்பார். அது பறக்கும். பறந்து விழும். இவர் ஓடுவார்.

பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு முறை ரிமோட் இவர் கைக்கு வந்திருக்கிறது. விமானம் மேலே இருக்கும்போதே முதலாளிக்கு ஏதோ அவசர போன். "இதைப் பிடி, எதையும் தொடாதே" என்று கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று பேசியிருக்கிறார். இவர் இரண்டு கட்டைவிரல்களையும் ரிமோட்டின் குச்சிகளுக்கு மேலே தூக்கி வைத்தபடி, விமானம் நேராகப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அவரு போன் பேசுற நேரம்."

இதை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

இந்த முறை ஊருக்கு வந்தபோது பெட்டியில் எனக்கு இரண்டு சேலை, மகளுக்குக் கொடுக்க வாசனைப் பாட்டில், அவற்றுக்கு நடுவே துணியில் சுற்றி ஒரு பழைய ரிமோட், உள்ளங்கை அளவு மோட்டார், இறக்கையையும் வாலையும் அசைக்கிற சின்னச் சின்ன விசைகள், ஒரு பேட்டரி, இரண்டு புரொப்பல்லர். முதலாளி கழித்துப் போட்டவை. "கேட்டு வாங்குனேன்" என்றார். அவர் ஒன்றைக் கேட்டு வாங்கினார் என்பதே எனக்குப் புதிய செய்தி.

"இந்தத் தடவ நான் ஓட்டணும் புள்ள. ஒரே ஒரு தடவ. திரும்பிப் போற டிக்கெட்டுக்குள்ள."

இவ்வளவுதான் அவர் விருப்பம். வீடு கட்ட வேண்டும் என்று வந்த விடுமுறைகள் உண்டு, மகளைக் கட்டிக்கொடுக்க வந்தது உண்டு, அவருடைய அத்தா மௌத்தானபோது மண்ணள்ளிப் போடக்கூட நேரத்துக்கு வந்து சேராத விடுமுறையும் உண்டு. தனக்கென்று ஒரு காரியத்தோடு அவர் வந்திறங்கியது இதுதான் முதல்.

விமானத்தின் உடம்பை இங்கேதான் செய்ய வேண்டும். மீன் பெட்டித் தெர்மாகோலை முதலில் பார்த்தார். விரலால் சுரண்டினால் சவ்வரிசிபோல் உதிர்ந்தது. "இது ஐஸ் தாங்கும், காத்து தாங்காது" என்று தள்ளிவிட்டு, அறந்தாங்கியில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்களிடம் போய் நெருக்கமான தகடுகளாக வாங்கிவந்தார். கத்தியைச் சூடாக்கி அறுத்தார். வீடெல்லாம் வெள்ளைப் பொடி. கூட்டினால் பறக்கிறது, கூட்டாவிட்டால் காலில் ஒட்டுகிறது. குழம்பில்கூட ஒரு நாள் வெள்ளை மணி மிதந்தது. "ஜவ்வரிசியா?" என்று கேட்டுவிட்டு அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் என் தம்பி உள்ளே வருகிறான். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு டிரைவர். மீன் பிடிக்கக் கூடாத தடைக்காலம் அது. இரண்டு மாதம் படகெல்லாம் கயிற்றில் கட்டிக் கிடக்கும், ஆளெல்லாம் கரையில் கட்டிக் கிடப்பார்கள். தரையில் அவனுக்குக் கால் நிற்காது. தினமும் பைக்கில் வந்துவிடுவான். வாசலில் நின்றபடியே, "என்ன மச்சான், இன்னைக்காச்சும் கிளம்புமா, இல்ல பொட்டிக்குள்ளயே போயி வந்துருமா?" என்பான்.

"நீ ஓட்டுற படகவிட இது வேகமாப் போகும் மாப்ள."

"போகும் போகும். எங்கிட்டுப் போகும்னுதான் தெரியல."

கேலி செய்தாலும் கை சும்மா இருக்காது அவனுக்கு. இறக்கைக்கு எலும்பு வேண்டும் என்று இவர் சொன்னதும், மூங்கில் பிளாச்சு ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடிச் சில்லால் சீவிச் சீவி, பேனா ரீஃபில் பருமனுக்கு ஆக்கினான். இறக்கையில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் கீறி, அதில் அதைப் படுக்க வைத்து, மரவேலைக்காரர்களின் வெள்ளைப் பசை ஊற்றி, மேலே டேப் ஒட்டினார்கள். பெட்ரோல் வாடை அடிக்கிற பசை ஆகாதாம், தெர்மாகோலைத் தின்றுவிடுமாம். அது எனக்குத் தெரியும் முன்பே செருப்பு ஒட்டுகிற பசையை எடுத்துக்கொடுத்து, ஒரு வால் துண்டில் ரூபாய்க்காசு அளவு பொத்தல் விழ வைத்தவள் நான். அவர் அந்தப் பொத்தலின் வழியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஆள்.

ஈயமும் தம்பி கொண்டுவந்ததுதான். வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்குமே, வலையைக் கடலடிக்கு இழுத்துக்கொண்டு போகிற ஈயமணி, அதில் ஒரு கைப்பிடி. மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்திய பிறகும் மூக்கு போதிய அளவு தாழவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்றாவதில் பாதி என்று வெட்டி வெட்டி மூக்குக்குள் வைத்துத் தூக்கிப் பார்த்தார். தாழ்ந்தது. நெல்லளவு.

அப்புறம் இடவலம். மூக்கை ஒரு விரலிலும் வாலை ஒரு விரலிலும் தாங்கினால் வலது இறக்கை இறங்கியது. இடது முனைக்கு ஏதாவது வேண்டும். ஈயம் கூடுதல், குச்சி போதாது. நான் தலையிலிருந்து துப்பட்டா ஊசியை உருவி நீட்டினேன். இடது இறக்கை முனையில் அதைச் செருகினார். பச்சைக் கொண்டை போட்ட ஊசி. விமானம் ஆடி ஆடி நின்றது, நேராக.

"ஒன் தலைக் கனம் சரியா இருந்துச்சு" என்றார்.

"ஒங்களுக்குக் கனமே இல்லையே, அதான் என்னுது வேண்டியிருக்கு."

ஓட்டிப் பழகாமல் எப்படி ஓட்டுவது? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு நாள் காலை என்னைக் கொல்லை முற்றத்துக்கு அழைத்து, கைகளை விரிக்கச் சொன்னார்.

"நீதான் பிளேன்."

"கிறுக்கு புடிச்சிருச்சா மச்சான்?"

"நட. அங்கிட்டுப் போயித் திரும்பி என்னைப் பாத்து வா."

நடந்தேன். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்று. திரும்பி நம்மை நோக்கி வரும்போது எல்லாம் மாறிவிடும். அதன் வலது நமக்கு இடது. அங்கேதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் விமானத்தை மண்ணில் சொருகுவார்களாம். அதற்கு ஒரு குறுக்குவழி அவர் பார்த்துப் பார்த்துக் கண்டுவைத்திருந்தார். எதிரே வரும்போது இடதா வலதா என்று யோசிக்காதே. எந்த இறக்கை தாழுகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல.

"சாயுற பக்கம் முட்டு" என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டில் கட்டைவிரலை நகர்த்துவார். நான் எதிரே வந்துகொண்டே ஒரு கையைத் தாழ்த்துவேன். அவர் சரியாகத் தள்ளினால் கையை உயர்த்துவேன், தப்பாகத் தள்ளினால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். முதல் நாள் பதினொரு தடவை உட்கார்ந்தேன். முழங்கால் மறுநாள் பேசியது.

பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னம்மா, பேரன் எடுக்குற வயசுல ரெண்டு பேரும் கண்ணாமூச்சியா?" என்றார்.

"இல்லைங்க, நான் பிளேன்" என்றேன்.

"அதான் பாத்தேன், எறங்க எடம் தேடுறியேன்னு" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

பதினெட்டு வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். அவர் ஒன்று சொல்வார், அது கடலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் நான் ஒன்று சொல்லியிருப்பேன். இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். இந்த முற்றத்தில் எட்டு நாள் நான் அவரை நோக்கிக் கை விரித்து நடந்துகொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று. வேறு எதற்காகவும் ஒரு மனிதர் என்னை அவ்வளவு நேரம் அப்படிப் பார்த்ததில்லை.

பறக்க விடுவதற்கு முந்தைய நாள் மாலை தம்பி விமானத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். இறக்கையும் உடம்பும் சேருகிற இடத்தில் வலை நூலால் கட்டுப் போட வேண்டும், அதற்கு வலை ஊசி அங்கே இருக்கிறது என்றான். மறுநாள் விடிந்ததும் நேரே கண்மாய்க்குக் கொண்டுவந்துவிடுவதாகப் பேச்சு.

ஊருக்கு மேற்கே அந்தக் கண்மாய் கோடையில் வற்றிக் கிடக்கும். நடுவில் வெடித்த களிமண், கரையோரம் சீமைக்கருவேலம். மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னால், ஆடு மேய்க்க ஆள் வருவதற்கு முன்னால் போய் நின்றோம். தம்பி வந்தான். கட்டு அழகாக இருந்தது. சிலந்தி பின்னியதுபோல் நெருக்கமாக, இழுத்தால் இம்மி நகராமல். மேற்கே கருவேல மரங்களின் உச்சி அசையத் தொடங்கியிருந்தது. "காத்து வருது, சீக்கிரம்" என்றார் இவர். பேட்டரியைப் பொருத்தினார். இறக்கைகளும் வாலும் ரிமோட்டுக்கு ஆடுகின்றனவா என்று பார்த்தார். "மாப்ள, எறி. நேரா, தோளுக்கு நேரா எறி."

தம்பி நாலடி ஓடி எறிந்தான்.

விமானம் மூக்கைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போனது. மேலே பார்த்து எதையோ கேட்கப் போவதுபோல் செங்குத்தாக நின்றது. ஒரு கணம் அப்படியே, அசையாமல். இவர் குச்சியை முன்னால் தள்ளியபடி, "எறங்கு, எறங்கு" என்றார். அது பின்பக்கமாக வழுக்கி, ஒரு இறக்கை மேல் புரண்டு, சத்தமே பெரிதாக இல்லாமல் களிமண்ணில் போய்ச் சொருகியது.

அவர் கால் ஓட எழும்பிவிட்டது. நான் கையைப் பிடித்தேன். "நீங்க நில்லுங்க. நான் போறேன்." புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே ஓடினேன்.

உடம்பு இறக்கைக்குப் பின்னால் இரண்டாக முறிந்திருந்தது. புரொப்பல்லர் ஒன்று போயிற்று. தம்பியின் கட்டு மட்டும் அப்படியே இருந்தது. வாலைத் தூக்கினேன், கனத்தது. அடியில் புதிதாக ஒரு டேப். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டேப்பைப் பிரித்தார். மூன்று ஈயமணிகள் அவர் உள்ளங்கையில் உருண்டன.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. தம்பிதான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான்தான் மச்சான் வெச்சேன்" என்றான். "நூலுல கட்டித் தொங்கவிட்டுப் பாத்தேன். அணியம் அமுங்கியிருந்துச்சு."

படகின் முன்முனையை அவர்கள் அணியம் என்பார்கள், பின்முனை அமரம். அணியம் எப்போதும் கொஞ்சம் தூக்கியிருக்க வேண்டும். அதனால்தான் எஞ்சின் பின்னால், ஐஸ் பின்னால், மீன் வந்தாலும் முதலில் பின்னால். அவன் பதினாறு வயதில் இருந்து அப்படித்தான் படகை நிறுத்திப் பழகியவன்.

"அணியம் அமுங்குன படகு அலைக்குள்ள போயிரும் மச்சான். மொத அலையிலயே தண்ணி குடிச்சிரும். இதுவும் போயிக் குத்திருமேன்னு பயந்துட்டேன். நீங்க அசந்து மறந்து வெச்சிட்டீங்க போலன்னுட்டு..."

"சொல்லியிருக்கலாம்லடா" என்றேன் நான்.

"சொன்னா மச்சான் மனசு சங்கடப்படுமேன்னுதான்."

இவர் அப்போதும் கோபப்படவில்லை. மணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தப்பு என்னுது" என்றார். "பறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வெரல்ல தூக்கிப் பாக்காம ஒரு நாளும் மொதலாளி கையில குடுத்ததில்ல. பதினெட்டு வருஷம். இன்னைக்கு என்னோடதுன்னதும் பாக்காம விட்டுட்டேன்."

அதன் பிறகு இரண்டு நாள் அவர் விமானத்தின் பக்கம் போகவில்லை. டிக்கெட்டுக்குப் பத்து நாள். பெட்டியை எடுத்துத் துடைத்தார். ஊறுகாய்க்கு மாங்காய் வாங்க வேண்டும் என்றார். இருப்பது ஒரே புரொப்பல்லர்; அதுவும் உடைந்தால் இங்கே வாங்கக் கடை கிடையாது, அத்தோடு தீர்ந்தது. உடையாமல் வைத்திருந்தால் அடுத்த விடுமுறைக்காவது ஆகும் என்று நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அடுத்தது என்றால் இரண்டு வருடம். அவர் இப்படி எத்தனையோ அடுத்ததுகளைப் பத்திரமாக மடித்து வைத்தவர்.

தம்பி வாசல் வரை வந்து நாட்டுப்படகில் பிடித்த நண்டைக் கொடுத்துவிட்டு, "இருக்காகளா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போனான்.

மூன்றாம் நாள் மதியம் பாயை நான் விரித்தேன். உடைந்த இரண்டு துண்டுகளையும் கொண்டுவந்து வைத்தேன். சன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை அமர்த்தினேன். உள்ளறையில் படுத்திருந்தவர், "கரண்டு போச்சா?" என்றார்.

"போகல. வாங்க."

வந்தார். நின்று பார்த்தார். "ஒட்டுனா கனம் கூடும் புள்ள. வாலுப் பக்கம் கூடும். அதுக்கு மூக்குல ஈயம் கூட்டணும். மொத்தமாக் கனத்துப்போகும். தூக்காது."

"தூக்காதுன்னு தூக்கிப் பாத்தா சொல்றீங்க?"

பாயில் உட்கார்ந்தார். நான் தம்பிக்குப் போன் செய்தேன்.

முறிவின் இரண்டு முகத்திலும் பசை தடவி, பல்குத்தும் குச்சிகளை முளைபோல் செருகிப் பொருத்தினார். இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்து, கை முறிந்தவருக்குக் கட்டுகிற மாதிரி நூல் சுற்றினான் தம்பி. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டான். பசை காய ஒரு நாள் விட்டு, மறுநாள் மதியம் தூக்கினார். சொன்னபடியே வால் இறங்கியது. ஈயத்தை எடுத்தார். ஐந்து மணி வைத்தும் போதவில்லை. விமானம் கையில் தேங்காய்போல் கனத்தது. அதைப் பாயில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி தொண்டையைச் செருமினான். "ஒண்ணு சொல்லலாமா மச்சான்? நான் கையை வெக்க மாட்டேன். வாயி மட்டும்."

"சொல்லு மாப்ள."

"படகு ஒரு பக்கம் அமுங்குனா நாங்க புதுசா எதையும் ஏத்த மாட்டோம். இருக்குற ஐஸ் பொட்டியத்தான் நகத்துவோம். அந்தப் பேட்டரிதான இதுல பெரிய கனம்? அத இங்கிட்டு, மூக்குக்குள்ள தள்ளிட்டா?"

இவர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அரபி வீட்டுல இருந்திருக்க வேண்டியவன் இவன்" என்றார். கத்தியை எடுத்து மூக்கின் அடிப்பகுதியில் பேட்டரிக்குப் புதிதாக ஒரு குழி அறுத்தார். பேட்டரி இரண்டு விரற்கடை முன்னால் போனது. ஐந்து மணியும் வெளியே வந்தன. ஒன்றே ஒன்றை மட்டும் திருப்பி வைத்தார். இரண்டு விரலில் தூக்கினார். மூக்கு நெல்லளவு தாழ்ந்து நின்றது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். முதலில் விட்டது தம்பிதான். விமானம் ஆடியது, ஆடியும் பழைய இடத்துக்கே வந்தது.

மறுநாள் காலை அதே கண்மாய். இந்தத் தடவை, காற்றைப் பற்றி யாரும் பேசுவதற்கு முன்னால் அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். என்னையும் தம்பியையும் மேற்குப் பக்கம் சுவர்போல் நிற்க வைத்து, இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, "எறி மாப்ள" என்றார்.

தம்பி இரண்டடி பின்வாங்கினான். "நான் மாட்டேன். என் கை ராசியில்ல. ஒருக்கா கவுத்துட்டேன்."

"அட, எறிடா."

"மாட்டேன் மச்சான். அக்காவ எறியச் சொல்லுங்க."

கல்லெறிந்து மாங்காய்கூட அடித்தறியாதவள் நான். விமானத்தை வாங்கினேன். வயிற்றுப் பகுதியைப் பிடித்தபோது மோட்டார் உறுமி, அந்த நடுக்கம் முழங்கைவரை ஏறியது. கோழியைப் பிடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அப்படி. "நேரா எறி புள்ள. மேல பாத்து எறியாத. அந்தப் பனைமரத்துக்குக் குடுக்குற மாதிரி எறி."

கொடுத்தேன்.

கையைவிட்டுப் போனதும் கொஞ்சம் இறங்கியது. பிறகு எதன்மேலோ ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல் நிமிர்ந்து, போனது. போய்க்கொண்டே இருந்தது. வெள்ளையாக, சின்னதாக, கண்மாய்க்கரைக்கு மேலே. வலதுபக்கம் சாய்ந்து திரும்பியது. திரும்பி எங்களை நோக்கி வந்தது.

இறக்கை ஒன்று தாழ்ந்தது. அவர் கட்டைவிரல் தப்பான பக்கம் போனது. நான் கண்ணால் பார்த்தேன். இன்னும் தாழ்ந்தது.

"சாயுற பக்கம் முட்டு!" என்று கத்தினேன்.

கட்டைவிரல் மாறியது. இறக்கை எழுந்தது. எங்கள் தலைக்கு மேலே ஒரு தேனீக்கூட்டமே போவதுபோல் போனது. தம்பி குனிந்துகொண்டான். படகு டிரைவர், புயலில் நின்றவன், தெர்மாகோலுக்குக் குனிந்தான்.

அதற்குப் பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார். வட்டம், இன்னொரு வட்டம், ஒரு தடவை உயரே, ஒரு தடவை கருவேல மரங்களை உரசுகிற மாதிரி கீழே. வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டைவிரல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. தம்பி ஏதோ கேட்டான்; காதில் விழவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்; நான் நிற்பதும் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒருமுறை மட்டும் அது எனக்கு வருத்தமாக இல்லை. இந்த மனிதர் யாரையும் நினைக்காமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இருபத்தைந்து வருடக் கல்யாணத்தில் புதிதாக ஓர் ஆளைப் பார்த்ததுபோல், ஓரக்கண்ணால், வெட்கத்தோடுகூடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சத்தம் இளைத்தது. அவர் வேகத்தைக் குறைத்து, காற்றுக்கு எதிரே திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். வயிற்றால் களிமண்ணைத் தொட்டு, வழுக்கி, ஒரு வெடிப்பில் மூக்கு இடித்து நின்றது. உடையவில்லை.

"எவ்வளவு நேரம் பறந்துச்சு?" என்றார்.

நாங்கள் யாரும் பார்த்துவைக்கவில்லை.

"பத்து நிமிசம் இருக்கும்" என்றான் தம்பி.

"போடா. நாலு நிமிசம்" என்றேன்.

"நாலுதான். பேட்டரி அவ்வளவுதான் தாங்கும்" என்று அவர் சொன்னார், சொல்லிவிட்டு, "ஆனா பத்து மாதிரி இருந்துச்சுல்ல?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கடைத்தெருவில் டீக்கடை ஓரமாக எங்கள் பைக்கும் தம்பியின் பைக்கும் நின்றன. நான் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தேன், மடியில் விமானம். அவர் கழுத்தில் ரிமோட்டை வாரோடு மாட்டியபடியே இறங்கினார். கழற்றி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் விமானத்தைப் பார்த்தார், கழுத்துவாரைப் பார்த்தார்.

"என்ன பாய், அரபி வெளையாட்டுச் சாமானா? அங்க அவுகதான விடுவாக? இத இங்க யாரு விட்டது?"

அவர் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நான்தான்" என்றார்.

"ஆமா, எறிஞ்சது எங்க அக்கா" என்றான் தம்பி பின்னாலிருந்து. "நான் வேடிக்கை பாத்தேன்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே எனக்கென்று இன்னொரு கிளாஸைக் கழுவினார்.